இது இன்னா பண்ணும் சார்?

மாத்திரை எதுவானாலும் அவர் உடனே விழுங்கமாட்டார். உள்ளங்கையில் போட்டு உருட்டுவார். முகர்ந்து பார்ப்பார். பிறகு இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, கள்ள நோட்டைச் சோதிப்பதுபோல வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். அப்போதும் மனம் ஆறவில்லை என்றால் மாடியேறி வந்து என் வீட்டு மணியை அடிப்பார்.

“இது இன்னா பண்ணும் சார்?”

நேற்றும் அவர் விழுங்கிய அதே மாத்திரையாகத்தான் இருக்கும். “அட்டையில பச்சக் கோடு இருந்திச்சி சார். இப்ப நீலக் கோடு கீது,” என்பார். அட்டையைத்தான் மாற்றியிருக்கிறார்கள், உள்ளே இருப்பது அதேதான் என்று சொன்னால், “அட்டைய மாத்துனவன் உள்ளாற கீறத மாத்தமாட்டானா?” என்று கேட்பார். மாத்திரையின் பெயரை நான் படித்துக் காட்டுவேன். அவர் பெயரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என் முகம் சுளிக்கவில்லை என்றால் சரி. அங்கேயே தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டுப் போவார்.

அவருக்கு எல்லாவற்றின்மீதும் பயம். அந்தப் பயத்தை நான்தான் போக்கினேன். குடியிருப்பில் எல்லோரும் அதற்காக என்னைப் பாராட்டினார்கள். அதை எப்படிச் செய்தேன் என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்கும் வயதாகிறது, இனி தள்ளிப்போட முடியாது.

நான் ஒரு கல்லூரியில் மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உடம்புக்குள் போன மருந்து என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்தை என்ன செய்கிறது என்று சொல்லித்தருவதுதான் என் வேலை. மகன் சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு வாங்கியபோது நாங்கள் தெற்கிலிருந்து இங்கே வந்தோம். நான் மூன்றாவது மாடி. அவர் முதல் மாடி. குடியிருப்பு எழும்பிய நிலத்தில் ஒரு பகுதி அவருடைய குடும்பத்துடையது. கார் நிறுத்தும் இடத்தைக் காட்டி, “இங்கதான் சார் எங்க கத்திரிக்காத் தோட்டம். ஒரு நாகம் இருந்திச்சி. அது எங்க போயிருக்கும்னு நெனைக்கிற?” என்று கேட்டுவிட்டு, வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.

லிஃப்டில் ஏறமாட்டார். “நடுவுல நின்னுட்சின்னா? உள்ளாற காத்து வருமா சார்?” வாழைப்பழத்தைச் சுண்டுவிரல் நீளத்துக்குமேல் தின்னமாட்டார். நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால், யாராவது பெண்கள் குழந்தையோடு கடக்கும்வரை காத்திருந்து அவர்கள் பின்னால் போவார். “கொயந்த இருந்தா லாரிக்காரன் பிரேக் போடுவான்.” எங்களோடு காலை நடைக்கு வரும் மதுரைக்காரர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்தவர், இதைக் கேட்டுவிட்டு, “ஏங்க, உங்களுக்கு ஒரு இடுப்புக் குழந்தையை வாடகைக்கு எடுத்துத் தரவா?” என்பார். இவர் சிரிக்கமாட்டார். யோசிப்பார்.

ஆனால் இந்தப் பயங்கள் எல்லாம் கிளைகள். வேர் ஒன்றுதான், அதை ஒருநாள் என் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார்.

“எங்க அண்ணன் கால மூணு தபா வெட்னாங்க சார். மொதல்ல வெரலு. அப்பால பாதம். அப்பால முட்டிக்குக் கீய. ஒவ்வொரு தபாவும் இத்தோட செரின்னாங்க. நான்தான் ஆஸ்பத்திரில பக்கத்துல படுத்துக்கினு இருந்தேன். இல்லாத வெரலு அரிக்குதுன்னு என்ன சொறியச் சொல்லுவான். எங்க சார் சொறியறது?”

அண்ணனுக்கு வந்த அதே சர்க்கரை நோய் இவருக்கும் வந்திருந்தது. அன்றிலிருந்து தன் கால்களை வேறு யாரோ நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவை மாதிரி பார்த்துக்கொண்டார். வீட்டுக்குள்ளும் செருப்பு. திருவேற்காட்டுக் கோயிலுக்குப் போனால் கல் சுடும் என்று காலுறை போட்டுக்கொண்டு சுற்றுவார். மாலையில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சவரம் செய்யும் வட்டக் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைப் பார்ப்பார். விரலிடுக்குகளை அழுத்திப் பார்ப்பார். சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் அவருக்குக் கண்ணாடித் தாத்தா என்று பெயர் வைத்திருந்தார்கள். “பூஜ முடிஞ்சிச்சா? மேல வா, தோச ஆறுது,” என்று அவர் மனைவி பால்கனியிலிருந்து குரல் கொடுப்பார்.

இன்னொன்றும் இருந்தது. சட்டைப் பையில், கைக்குட்டையின் ஒரு மூலையில் முடிந்து, ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பார். எப்போதோ அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸ், மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், கையில் மிட்டாய் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் அதை ஒருநாளும் தின்றதில்லை. பிசுபிசுத்துப் போனால் எறிந்துவிட்டுப் புதிதாக முடிந்துகொள்வார். சர்க்கரைக்குப் பயந்த மனிதர் சர்க்கரையைத் தாயத்துபோல வைத்திருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒருமுறை பரிசோதனையில் சர்க்கரை அதிகமாக வந்துவிட்டது. பூந்தமல்லியில் அவர் பார்க்கும் டாக்டர், அடுத்த முறையும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். அவர் என்னிடம் வந்தபோது உதடு காய்ந்திருந்தது. “அண்ணனுக்கும் மொதல்ல ஊசிதான் சார் போட்டாங்க. அப்பாலதான் வெரலு.” ஊசிக்கும் விரலுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் மறுபடி வந்து அதையே கேட்டார். அதற்கு மறுநாளும். எனக்குச் சலித்துவிட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும். நான் செய்ததில் கால்பங்கு இரக்கம். மிச்சம் சலிப்பும், என் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷமும்.

குடியிருப்பின் பின்பக்கம், கழிவுநீர்த் தொட்டியைத் தாண்டி, கம்பி வேலியில் சிறுகுறிஞ்சான் படர்ந்து கிடந்தது. எதிரெதிராக இலைகள், தொட்டால் மெல்லிய பூனைமயிர் கையில் உரசும். மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூக்கும். பலருக்கும் அது வெறும் வேலிக்கொடி. நாட்டு மருந்துக் கடையில் அதன் பொடியைச் சர்க்கரைக்கொல்லி என்று கேட்டு வாங்குவார்கள். நான் வகுப்பில் ஆண்டுதோறும் அதை வைத்து ஒரு வேடிக்கை காட்டுவேன். மாணவர்களை ஒரு இலையை மென்று நாக்கு முழுவதும் பரப்பச் சொல்லிவிட்டு, சர்க்கரையைக் கொடுப்பேன். வாயில் மணலைப் போட்டதுபோல இருக்கும். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

அந்த வேடிக்கையை ஒருநாள் காலை நடைக் கூட்டத்துக்குக் காட்டினேன். ஆளுக்கு ஓர் இலை பறித்துக் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னேன். இனிப்புக்கு என்ன செய்வது என்று பார்த்தபோது அவர் நினைவு வந்தது.

“உங்க பையில இருக்கிற மிட்டாயைக் கொடுங்க.”

அவர் பையை ஒரு கையால் மூடிக்கொண்டார். “அது அவசரத்துக்கு சார்.”

“இப்ப என்ன அவசரம் வந்துடப்போகுது?”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். மதுரைக்காரர் ஒரு மிட்டாயை வாயில் போட்டு நாக்கால் புரட்டினார். “என்னங்க இது, மெழுகுவர்த்தியைத் தின்ன மாதிரி இருக்கு!” பிறகு, “ஆனா நம்ம வீட்டுக் காபி தினமும் இப்படித்தான் இருக்கும், இலையே வேண்டாம்,” என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரம் ஆனது.

அவர் மட்டும் இலையை மெல்லவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாக்குல கீறதயே இப்டி சாவடிக்குதுன்னா, உள்ளாற போனா இன்னா பண்ணும் சார்?”

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே கேட்கப்பட்டவற்றில் அது ஒன்றுதான் சரியான கேள்வி. நான் பதில் சொன்னேன். நாக்கில் இனிப்பை அறியும் இடங்களைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால் சர்க்கரைதான் சாவி. இந்த இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் சாவித் துவாரத்தைக் கொஞ்சநேரம் அடைத்துக்கொள்கின்றன என்றேன். குடலிலும் அதே மாதிரி சர்க்கரை ரத்தத்துக்குள் போவதைத் தாமதப்படுத்தும், கணையத்தைக் கொஞ்சம் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கும், பழங்காலத்திலிருந்தே நம் ஊரில் நீரிழிவுக்குக் கொடுத்துவந்த கொடிதான் என்றெல்லாம் சொன்னேன். ஊசிக்குப் பயப்படுகிறவர் இதைத் தினம் மென்றால் ஊசியே தேவைப்படாமல் போகலாம் என்றும் சொன்னேன்.

“நம்ம மாத்திரையோட சண்ட போட்டுக்காதா?”

“போடாது. ரெண்டும் ஒரே கட்சி.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. “ஒரே கட்சியா?” என்று கேட்டுத் தலையாட்டினார். அவர் போட்டுக்கொண்டிருந்தது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் பழைய வகை மாத்திரை. வயதானவர்கள் உடம்பில் நெடுநேரம் தங்கும். அதே கணையத்தை இன்னொரு கையும் தட்டினால் என்ன ஆகும் என்பதை என் முதலாண்டு மாணவன்கூடச் சொல்லியிருப்பான். ஒரே கட்சி என்பதுதான் ஆபத்து. நான் அதை ஆறுதலாகச் சொன்னேன்.

அப்படியும் அவர் மெல்லவில்லை. மறுநாள் காலை அவர் முன்னால் நின்று நானே ஓர் இலையைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டேன். “பாருங்க, நானும் தின்கிறேன். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. போதுமா?” என் முகத்தைப் பார்த்தார். பிறகு மென்றார். கசப்பில் கண்களை மூடிக்கொண்டார். அதிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. வேலியோரம் போய் ஆளுக்கு இலைகளைப் பறித்து மென்றுகொண்டே நடந்து, சர்வீஸ் சாலை டீக்கடைப் பெஞ்சில் போய் உட்காருவோம். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. அவருக்குத் துணையாகத்தான் மென்றேன்.

“டாக்டராண்ட சொல்லிடட்டா சார்?” என்று ஒருநாள் கேட்டார்.

“அவங்க இதையெல்லாம் ஒத்துக்கமாட்டாங்க. ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

ரிசல்ட் வந்தது. சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம், மாத்திரையே தொடரட்டும் என்றுவிட்டார் டாக்டர். இலையைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தால் மாத்திரையைக் குறைத்திருப்பார். அவருக்குத் தெரியாது. எங்கள் காலை நடைக் கூட்டத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருநாள் மணி அடித்தது. திறந்தால் படியேறிய மூச்சிரைப்பு இல்லாமல் நிற்கிறார். “லிப்டுல வந்தேன் சார்! கம்முனு நின்னுகினு இருந்தேன். அதுவா வந்திட்சி.” மாத்திரையைப் பற்றிக் கேட்க வரவில்லை, இதைச் சொல்லத்தான் வந்திருந்தார். மாலையில் கண்ணாடியோடு உட்காருவது ஒருநாள் விட்டு ஒருநாளானது. அவர் மனைவி ஒரு கிண்ணம் நிறைய சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார். “கட்னதுலேர்ந்து இந்த மன்சன் பயந்துகினேதான் சார் இருந்தாரு. என்னையும் நிம்மதியா தூங்க உட்டதில்ல. நீ இன்னாவோ மந்திரம் போட்டுட்ட.” நான் மறுக்கவில்லை.

சட்டைப் பையில் கைக்குட்டை முடிச்சைக் காணவில்லை. கேட்டேன். “அது எதுக்கு சார் சொம்மா? வாயில போட்டா மெழுகு மாரி கீது. பசங்களாண்ட குட்த்துட்டேன்.” பெஞ்சில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

பிறகு ஒரு காலை, வேலியோரம் நின்று கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் லேசாக ஆடின.

“காலைல எய்ந்தா கை நடுங்குது சார். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிது. சட்ட நனைஞ்சிபோது. சாப்ட்டா செரியாப்பூடுது.”

“அது உங்க பழைய பயம். அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகுமா? கொஞ்சம் தண்ணி குடிங்க, ஆழமா மூச்சு விடுங்க.”

“பயமா? எனக்கு இப்ப பயமே இல்லியே சார்.”

“உள்ளே இருக்கும்.”

அவர் யோசித்தார். என் முகத்தைப் பார்த்தார். “செரி சார்,” என்றார்.

இந்த இடத்தில் நான் வகுப்பில் சொல்லிவந்ததை எழுத வேண்டும். சர்க்கரை அளவுக்குமேல் இறங்கும்போது உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். பயப்படும்போதும் அதே அட்ரினலின்தான். ஆகவே இரண்டின் அறிகுறிகளும் ஒன்றே: நடுக்கம், வியர்வை, படபடப்பு. “இரண்டையும் எப்படிப் பிரித்தறிவீர்கள்?” என்று மாணவர்களைக் கேட்பேன். பிறகு நானே, “பிரிக்கப் பார்க்காதீர்கள். முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். பயமாக இருந்தால் சர்க்கரையால் கெடுதல் ஒன்றுமில்லை. பயமாக இல்லாவிட்டால் ஓர் உயிர்,” என்பேன். கடைசிப் பெஞ்சுவரை கேட்க வேண்டும் என்று உரக்கச் சொல்வேன். அப்படிச் சொல்லிக்கொடுத்தவன் அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். சாப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்று அவரே சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஒருவரை முடிவு கட்டிவிட்டால் அவர் உடம்பு சொல்வதெல்லாம் பயமாகவே கேட்கிறது.

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவர் மனைவி முந்தின நாளே நெமிலிச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கூழ் வார்க்கப் போயிருந்தார். அவர் இரவு சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் இறங்கி வந்துவிட்டார். வழக்கம்போல இலை. வழக்கம்போல நடை. மதுரைக்காரர் அன்று வரவில்லை. டீக்கடைப் பெஞ்சில் நாங்கள் இருவர்தான்.

அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன். திடீரென்று சிரித்தார்.

“அண்ணாத்தே, வா, அந்தாண்ட போலாம்,” என்றார்.

என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எழுந்து நெடுஞ்சாலையை நோக்கி நடக்கத் தொடங்கினார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இரு பக்கமும் பார்க்காமல், வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடந்தார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கை பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோலச் சில்லென்றிருந்தது. கண்கள் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெஞ்சுக்கு இழுத்துவந்து உட்காரவைத்து அவர் சட்டைப் பையில் கையைவிட்டேன். கைக்குட்டை இருந்தது. முடிச்சு இல்லை.

“சர்க்கரைத் தண்ணி! சீக்கிரம்!”

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரில் கலக்கிக் கொண்டுவந்தார். அதை வாங்கி இவர் வாயில் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என் சட்டைமேல் துப்பினார். “மண்ணு. மண்ணக் குடுக்குற.” டம்ளரைத் தட்டிவிட்டார், பாதி சிந்தியது. மிச்சத்தை நான் வாயில் விட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

“யோவ், சர்க்கரை போடலையா நீ?”

“இன்னா சார், உன் கண்ணு முன்னாடிதான நாலு கரண்டி போட்டேன்!”

“பொய் சொல்லாதே! உயிர் போகுதுய்யா இங்கே!”

மிச்சத்தை மண்ணில் கொட்டினேன். கடைக்காரர் உள்ளே ஓடிப்போய் இன்னொரு டம்ளர் கலக்கிவந்தார். முதலில் நானே குடித்துப் பார்த்தேன். மறுபடியும் வெறும் தண்ணீர். ரவையைக் கலந்து விற்கிறாயா என்று கத்தினேன். இது சர்க்கரையே இல்லை, வேறு டப்பாவைத் திற என்றேன். அவர் டப்பாவையே தூக்கி வந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். மணல். அவரும் ஒரு விரல் தொட்டு நக்கினார். பிறகு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“பாகு மாரி கீது சார். உன் நாக்குக்கு இன்னா ஆச்சி?”

அதன் பிறகுதான் என் வாயில் இருந்த இலைக்கசப்பு எனக்கே தெரிந்தது. நான் திரும்பியபோது அவர் பெஞ்சிலிருந்து சரிந்திருந்தார். பற்கள் கிட்டித்து, கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர்தான் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு, அவரைத் தூக்கிப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தநாளத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏறியது; மறுபடி இறங்கியது; மறுபடி ஏற்றினார்கள். அந்த மாத்திரை அப்படித்தான், விடாது. மாத்திரை தவிர வேறு ஏதாவது சாப்பிட்டாரா என்று இளம் டாக்டர் ஒருவர் கேட்டார். இலையைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“யார் சார் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்.”

“நீங்க என்ன வேலை பார்த்தீங்க?”

“ரிட்டயர்டு,” என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை.

மூளைக்குச் சர்க்கரை எவ்வளவு நேரம் போகாமல் இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். படுக்கையை விட்டு எழுந்தபோதே இறங்கியிருக்கலாம். டீக்கடையில் நான் சண்டை போட்ட நேரம் மட்டும் காரணமாக இருக்காது என்று அந்த டாக்டர் பிறகு சொன்னார். நல்ல பிள்ளை.

அவர் பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தார். பேசினார், நடந்தார், மனைவியை அடையாளம் தெரிந்தது. எங்களையும் தெரிந்தது. பயம் மட்டும் இல்லை.

லிஃப்டில் ஏறி மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பார். வெறுங்காலோடு வெயிலில் தார்ச்சாலையில் நிற்பார். கொதிக்கும் டீக்கெண்டியைக் கையால் தொட்டுவிட்டுச் சிரிப்பார். ஒருநாள் நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பில் உட்கார்ந்திருந்தவரை அழைத்து வந்தார்கள். “இன்னாவாம்?” என்று கேட்டார், கோபமே இல்லாமல். வட்டக் கண்ணாடி குளியலறை ஆணியில் தொங்கியது. அவர் உள்ளங்காலில் ஒரு கொப்புளம் உடைந்து கிடந்ததை நான்தான் பார்த்தேன். அவருக்கு வலிக்கவில்லை. பார்க்கவும் தோன்றவில்லை.

குடியிருப்புச் சங்கத்தில் அந்தக் கொடியை வேரோடு வெட்ட வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். கொடி தன்னைப் பற்றிப் பொய் எதுவும் சொல்லவில்லை என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. வெட்டிவிட்டார்கள். மழைக்குப் பின் அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருக்கிறது.

அவரைத் தனியாகச் சமாளிக்க முடியாமல் மனைவி நெமிலிச்சேரிக்கு, மகள் வீட்டுக்கே அழைத்துப்போய்விட்டார். அங்கே ரயில்பாதை பக்கம் என்பதால் கதவை எப்போதும் பூட்டியே வைத்திருக்கிறார்கள். ஆவடிவரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில் என்று அவ்வப்போது போய்வருகிறேன். ரயிலில் எனக்குக் கை நடுங்குகிறது, சட்டை நனைகிறது. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் கைக்குட்டையில் ஆரஞ்சு மிட்டாய் முடிந்து வைத்திருக்கிறேன்.

போனால் முதலில் அவரை உட்காரவைத்துக் கால்களைத் தூக்கிப் பார்ப்பேன். விரலிடுக்குகளை அழுத்துவேன். கூசும்போது சிரிப்பார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, “ரோட்டுலயே போயிருக்க வேண்டிய உசுரு சார். நீ இருந்ததால கொண்டாந்து சேத்த,” என்பார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன். காபி ஆறிவிடும் என்பார். குடித்துவிட்டு வந்துவிடுவேன். இந்த எழுத்து அந்த அம்மாவின் கைக்கு எப்படியாவது போகட்டும். மகள் படித்துக் காட்டட்டும்.

போனமுறை போயிருந்தபோது மாத்திரை வேளை. இப்போது கொடுப்பது வேறு மாத்திரை. மிதமானது, சர்க்கரையை அப்படி ஒரேயடியாக இறக்காது. “நீயே குடு சார், உன் கையால குட்த்தா தகராறு பண்ணாம போட்டுக்குவாரு,” என்று மனைவி என் கையில் வைத்தார். நான் அதை உருட்டிப் பார்த்தேன். சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். அவர் நான் செய்வதை வேடிக்கை பார்த்தார்.

“கேளுங்க,” என்றேன்.

“இன்னாத்த?”

“இது என்ன பண்ணும்னு கேளுங்க.”

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“நீ குட்த்தா நல்லதுதான் சார் பண்ணும்,” என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்து காத்திருந்தார்.